விரிப்பின் இடது ஓரம்

மட்டாஞ்சேரியில் நான் வேலை பார்த்த வாடகைக் கடையில் புதிதாகச் சேர்ந்திருப்பவர்கள் என்னைச் சாயாக்கடையில் கண்டால் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். "அண்ணே, அந்த நடிகையோட ஜிமிக்கிய எடுத்தது நீங்கதானே?" கேட்டுவிட்டுச் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். சிரித்தால் ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும், முறைத்தால் இன்னும் மோசம். முதுகு வலியால் வேலையை விட்டு ஆறு மாதமாகிறது. வேலை போனாலும் அந்தக் கேள்வி போகவில்லை.

நாலு பேர் நடுவில் எனக்குப் பேச்சு வராது. படிப்பு ஐந்தாம் வகுப்போடு சரி. அதனால் எழுதிப் பார்க்கிறேன். ஒருவரைப் பற்றி மட்டும் முழுதாகச் சொல்ல முடியாது. அது ஏன் என்று கடைசியில் தெரியும்.

என் அப்பா செங்கோட்டையிலிருந்து இங்கே வந்து இஞ்சிக் கிடங்கில் மூட்டை தூக்கினார். நானும் இரண்டு வருடம் தூக்கினேன். சுக்குத் தூசி எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை. நாளெல்லாம் தும்மல். எழுபத்தொன்றிலோ இரண்டிலோ காசிம் ராவுத்தர் கடைக்கு மாறினேன். பந்தல் சாமான், நாற்காலி, பெட்ரோமாக்ஸ் விளக்கு எல்லாம் வாடகைக்குக் கொடுக்கும் கடை. ராவுத்தரிடம் வேறு யாரிடமும் இல்லாத ஒன்று இருந்தது. அறுபது அடி நீளத்தில், தேங்காய் நாரில் நெய்து சிவப்புச் சாயம் ஏற்றிய விரிப்பு. மந்திரி வந்தாலும், பெரிய வீட்டுக் கல்யாணம் ஆனாலும், எர்ணாகுளத்து தியேட்டரில் சினிமா விழா நடந்தாலும் அதுதான் போகும். அதை விரிப்பதும் சுருட்டுவதும் எனக்கும் பௌலோஸ் சேட்டனுக்கும் உள்ள வேலை. சேட்டன் கும்பளங்கிக்காரர். என்னைச் 'சாமி' என்று கூப்பிடுவார், வாய் ஓயாது.

விரிப்பதில் ஒரு முறை உண்டு. முதலில் நனைத்த வெள்ளைத் துணியால் நாலு இடத்தில் ஒற்றிப் பார்க்க வேண்டும். துணியில் சிவப்பு ஏறினால் அன்றைக்கு விரிப்பு வெளியே போகாது. சாயம் பட்டுப் புடவை ஓரத்தில் ஏறிவிட்டால் யார் பதில் சொல்வது? பிறகு நீளமாக விரித்து, செருப்பில்லாமல் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நடக்க வேண்டும். ஆணி, ஊசி, கண்ணாடிச் சில்லு எதுவானாலும் நம் காலில்தான் முதலில் குத்த வேண்டும் என்பார் ராவுத்தர். கடைசியாக, காயல் காற்று ஓரத்தைத் தூக்காமல் இருக்க, விருந்தினர் நடந்து முடிக்கும்வரை ஆளுக்கொரு பக்கம் குந்தி உட்கார்ந்து கையால் அழுத்திப் பிடிக்க வேண்டும். வலது ஓரம் சேட்டனுக்கு. போட்டோக்காரர்களும் கூட்டமும் அந்தப் பக்கம்தான். இடது ஓரம் சுவரை ஒட்டி இருக்கும். கூச்சக்காரன் என்பதால் அதை எனக்கு ஒதுக்கினார்கள்.

சுருட்டும்போது வேறு முறை. ஒவ்வொரு முழத்தையும் உள்ளங்கையால் தடவிய பிறகுதான் சுருட்ட வேண்டும். கொண்டை ஊசி, சமிக்கி, உதிர்ந்த பொட்டு, சில சமயம் ஒரு வளையல், எது கிடைத்தாலும் கடையில் இருக்கும் பிஸ்கட் டப்பாவில் போட வேண்டும். எட்டு நாள் யாரும் கேட்டு வராவிட்டால் ராவுத்தர் தன் கையாலேயே எடுத்து அப்புறப்படுத்துவார். சுருட்டி முடித்ததும் இரண்டு பேரும் மடிக்குத்தை அவிழ்த்து உதறி, இரண்டு கைகளையும் விரித்துக் காட்ட வேண்டும். எங்கள் முகத்தை அவர் பார்க்கவே மாட்டார். கையைத்தான் பார்ப்பார். யாரையும் திருடன் என்று சொல்லவும் மாட்டார். "நீ பார்த்தியா?" என்று மட்டும் கேட்டுவிட்டு வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவ ஆரம்பிப்பார். அந்தச் சுண்ணாம்பு தடவி முடியும்வரை எடுக்காதவனுக்கும் வியர்க்கும்.

எனக்கு ஒரு ஆசை உண்டு. வீட்டிலும் வெளியிலும் சொல்லாமல் வைத்திருந்த ஆசை. ஒப்பனை பார்க்கிற ஆசை. இடது ஓரத்தில் குந்தியிருப்பவனுக்கு முதலில் தெரிவது செருப்பு, அப்புறம் புடவையின் கீழ் ஓரம். பட்டு நடக்கும்போது ஒரு சத்தம் கேட்கும், நைலான் நடக்கும்போது வேறு சத்தம். புடவைக்கு ஃபால்ஸ் தைத்திருக்கிறதா, கொசுவம் எத்தனை மடிப்பு, பாதத்தில் மருதாணியா செம்பஞ்சா, எல்லாம் ஒரு பார்வையில் பிடிபடும். அவர்கள் தாண்டிப் போகும்போது தலையை லேசாகத் தூக்கினால் முகம் கிடைக்கும். பகல் வெளிச்சம் பூச்சுக்கு எதிரி. மேடை விளக்குக்காகப் போட்ட பான்கேக் பூச்சு, காலை பத்து மணி வெயிலில் கழுத்துக்குக் கீழே ஒரு கோடாக நிற்கும். நல்ல ஒப்பனைக்காரர் கை பட்டிருந்தால் அந்தக் கோடு இருக்காது. தோள்வரை இழுத்துக் கரைத்திருப்பார். அப்படி ஒரு முகம் பார்த்த அன்றைக்கு எனக்குச் சோறு ருசிக்கும்.

சினிமாப் பத்திரிகைப் படங்களை வெட்டி ஒரு நோட்டில் ஒட்டுவேன். பக்கத்தில் பென்சிலால் நிறம் எழுதுவேன். கறுப்பு வெள்ளைப் படத்தில் நிறம் தெரியாதில்லையா, நேரில் பார்த்ததை எழுதி வைப்பேன். 'மாம்பழ மஞ்சள், மயில் கழுத்துக் கரை, உதட்டுக்குச் செங்கல் நிறம், கொஞ்சம் அதிகம்' என்று இருக்கும். என் மனைவி செல்வி ஒரு நாள் அந்த நோட்டைத் துணிப் பெட்டிக்கு அடியில் கண்டுபிடித்தாள்.

"இத்தனை பொம்பளைங்க படம் எதுக்கு?"

"புடவை பாக்கத்தான்."

"கட்டின புடவையா, கட்டினவளையா?"

 பூச்சையும் ரசித்தேன், பூசிய முகத்தையும் ரசித்தேன், அதில் கெட்ட எண்ணம் இல்லை என்று இன்றைக்கு எழுத முடிகிறது. அன்றைக்கு எப்படிச் சொல்வது? அதற்குப் பிறகு நான் எங்கே விழாவுக்குப் போனாலும் திரும்பி வந்ததும் சட்டையை முகர்ந்து பார்ப்பாள். ஒரு பக்கம் ராவுத்தர் கையைப் பார்ப்பார், இன்னொரு பக்கம் இவள் சட்டையைப் பார்ப்பாள். இரண்டுக்கும் நடுவில் என் காலம் ஓடியது.

இனி என் தவறு. எழுபத்தொன்பது வாக்கில் ஒரு கல்யாண வரவேற்பில் விரிப்பைத் தடவும்போது பாதி தீர்ந்த லிப்ஸ்டிக் ஒன்று கிடைத்தது. வெளிநாட்டுச் சரக்கு. முறைப்படி டப்பாவில் போட்டேன். எட்டு நாளும் அது என் கண்ணிலேயே நின்றது. பழுத்த நாவல்பழத்தில் கொஞ்சம் சிவப்பைக் கலந்த மாதிரி ஒரு நிறம். ஒன்பதாம் நாள் காலை, ராவுத்தர் டப்பாவைத் திறப்பதற்கு முன் நான் அதை எடுத்துவிட்டேன். பாழாய்ப் போகிற பொருள்தான், ஆனாலும் கேட்காமல் எடுத்தேன். அதை வைத்து என்ன செய்தேன் தெரியுமா? மணிக்கட்டின் உள்பக்கம் ஒரு கோடு இழுத்து, நிழலில் எப்படி, வெயிலில் எப்படி என்று பார்ப்பேன். அவ்வளவுதான்.

அந்த வாரமே எர்ணாகுளத்தில் ஒரு தியேட்டரில் படத்தின் நூறாவது நாள் விழா. காலைக் காட்சிக்கு முன்னால் நடத்தினார்கள். விரிப்பைப் படகில் ஏற்றிக்கொண்டு விடியும்போதே போய்விட்டோம். வெள்ளைத் துணியில் ஒற்றிப் பார்த்தோம், சாயம் இறங்கவில்லை. ஆனால் வானம் மூடிக்கொண்டு வந்தது. எனக்கு அதுவே கவலை.

மெட்ராஸிலிருந்து அந்த நடிகை வந்தார். கரும்பச்சைப் பட்டு, சரிகையில் மாங்காய், பெரிய கொண்டை, கொண்டை நிறைய மல்லிகை, காதில் சிவப்புக் கல் ஜிமிக்கி, ஜிமிக்கியிலிருந்து கூந்தலுக்கு முத்து மாட்டல். கார் கதவு திறந்ததும் வலது பக்கம் ஒரே கூச்சல். அவரும் முகத்தை வலது பக்கமே காட்டிக்கொண்டு நடந்தார். எல்லாப் படங்களிலும் அவர் வலது பக்கம்தான் தெரியும் என்பதை என் நோட்டை வைத்து எப்போதோ கவனித்திருந்தேன். ராசி பார்க்கிறாராக்கும் என்று நினைத்திருந்தேன்.

என்னைத் தாண்டும்போது தலையைத் தூக்கினேன். அப்போதுதான் காரணம் தெரிந்தது. இடது காது மடல் கீழே அறுந்திருந்தது. தோல் நிறப் பிளாஸ்திரியை நறுக்கி ஒட்டி, மேலே பான்கேக் பூசியிருந்தார்கள். அருமையான வேலை. ஆனால் கன்னத்தில் போட்ட நிறத்தைவிடக் காதில் போட்டதில் மஞ்சள் ஒரு சிட்டிகை கூடிவிட்டது. விளக்கில் தெரியாது, பகலில் தெரிந்தது. அந்த ஜிமிக்கியைக் காது தாங்கவில்லை. மாட்டல்தான் தாங்கியது.

"எடா சாமி, ஈ பூந்துடும், வாய மூடு," என்றார் எதிர் ஓரத்திலிருந்து சேட்டன்.

உள்ளே மேடையில் மாலை, சால்வை, பேச்சு எல்லாம் நடந்தது. முக்கால் மணி நேரத்தில் அவர் அதே வழியில் திரும்பி வந்தார். முந்தானையை இடது தோளுக்கு மேல் இழுத்துத் தலையோரம் பிடித்திருந்தார். இப்போது கூட்டம் இருந்தது அவருடைய இடது பக்கம்; ஆனால் அவர் எதிரே வரும்போது, கீழே குந்தியிருந்த எனக்கு அந்த மடிப்புக்குள் தெரிந்தது. ஜிமிக்கியும் இல்லை, மாட்டலும் இல்லை. புழுக்கத்துக்குக் கழற்றியிருப்பார் என்று நினைத்தேன். அவர் தியேட்டரின் பக்கவாட்டில் இருந்த ஓய்வறைக்குப் போனார்.

அவர் போகவும் மழைத்துளி விழுந்தது. விழா நடத்தியவர்கள், "எடுங்க, எடுங்க, சாயம் ஒழுகும்" என்று கத்தினார்கள். முதன்முறையாக நாங்கள் தடவாமல் சுருட்டினோம். ஐந்து நிமிடத்தில் விரிப்பு திண்ணென்று உருளையாகி வராந்தாவில் கிடந்தது. பத்தாவது நிமிடம் நடிகையின் மேனேஜர் ஓடி வந்தார்.

"ஒத்த ஜிமிக்கி காணோம். இவனுங்கதான் தரையிலயே உக்காந்திருந்தானுங்க. யாரும் நகரக் கூடாது. போலீசுக்குச் சொல்லு."

ராவுத்தர் குடையை மடக்கிக்கொண்டு வந்தார். அவர் பெரிய விழாக்களுக்கு நேரில் வருவது வழக்கம். மேனேஜர் பேசியதை முழுதும் கேட்டார். எங்களிடம் திரும்பி, "தடவினீங்களா?" என்றார்.

"இல்ல முதலாளி. மழை," என்றேன்.

அவரே உட்கார்ந்து உருளையைப் பிரித்தார். அறுபது அடியையும் முழம் முழமாகத் தன் கையால் தடவினார். முடிந்ததும் மறுகோடியிலிருந்து இன்னொரு முறை தடவினார். இரண்டு கொண்டை ஊசியும் ஒரு சமிக்கியும்தான் கிடைத்தன. பிறகு எங்களைப் பார்த்தார். மடிக்குத்தை உதறினோம். கையை நீட்டினோம். என் சட்டைக் கை மேலே ஏறியது. மணிக்கட்டில் அந்தச் சிவப்புக் கோடு.

"இது என்ன?" என்றார் மேனேஜர். கையைப் பிடித்து எல்லோருக்கும் காட்டினார். "லிப்ஸ்டிக்! ஆம்பளை கையில லிப்ஸ்டிக்! இவன்தான். ரூமுக்குள்ள போயிருக்கான்."

கூட்டத்தில் யாரோ விசிலடித்தார்கள். சேட்டன் தலையைக் குனிந்துகொண்டார். முந்தின நாள்வரை என்னோடு ஒரே பாத்திரத்தில் கப்பைக் கிழங்கு தின்றவர், ஒரு அடி தள்ளி நின்றார். ராவுத்தர் என் மணிக்கட்டைப் பார்த்தார். டப்பாவிலிருந்து காணாமல் போனது என்ன என்று அவருக்கு அந்த நிமிடமே தெரிந்திருக்கும்.

"நீ பார்த்தியா?" என்றார்.

சுண்ணாம்பு தடவவில்லை. காத்திருந்தார்.

நான் பார்த்திருந்தேன். போகும்போது இருந்ததையும், வரும்போது இல்லாததையும் பார்த்திருந்தேன். ஆனால் சொன்னால் என்ன ஆகும்? ஒரு நடிகையின் காதை அத்தனை உன்னிப்பாக நீ ஏன் பார்த்தாய் என்பார்கள். இல்லை என்று தெரிந்தும் அப்போதே ஏன் சொல்லவில்லை என்பார்கள். பிடிமானம் இல்லாத காது என்று விளக்கம் சொன்னால், அத்தனை கூட்டத்தின் நடுவில் அந்த அம்மாவின் காதை நான் அறுத்த மாதிரி. சொல்லாவிட்டால் ஸ்டேஷன், வேலை போகும், கிடங்கிலும் சேர்க்க மாட்டார்கள்.

ஓய்வறை வாசலில் அவருடைய சிகையலங்காரக்காரி நின்றிருந்தாள். சரோஜா என்று கூப்பிட்டதைக் கேட்டிருந்தேன். கொண்டையை அவள் போட்ட விதத்தைப் பார்த்து, நிதானமான பொம்பளை என்று எனக்குள் ஒரு நம்பிக்கை. "அந்த அக்காகிட்ட மட்டும் ஒரு வார்த்தை பேசணும் முதலாளி," என்றேன்.

"பேச என்னடா இருக்கு?" என்று மேனேஜர் பாய்ந்தார்.

"பேசட்டும்," என்றார் ராவுத்தர். "ஓட மாட்டான். ஓடினா விரிப்பு உங்களுக்கு."

அவள் பக்கத்தில் போய், தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். "அக்கா, உள்ள போறப்ப இருந்துச்சு. திரும்பி வர்றப்ப இல்ல. மேடையில போட்ட மாலையப் பாருங்க. மாலையக் கழத்துறப்ப நார்ல மாட்டல் சிக்கியிருக்கும். அந்தக் காதுல பிடிமானம் இல்லையே."

அவள் முகம் மாறியது. "பிடிமானம் இல்லேன்னு உனக்கு யாருய்யா சொன்னா?"

"யாரும் சொல்லல. பூச்சுல தெரிஞ்சது."

"என்ன தெரிஞ்சது?"

"கன்னத்து நிறம் வேற, காது நிறம் வேற. காதுல மஞ்சள் கூட. பகல்ல தெரியும். கொஞ்சம் ரோஸ் கலந்திருந்தா தெரிஞ்சிருக்காது."

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "வேற யார்கிட்டயாவது சொன்னியா?"

"இல்லக்கா."

"சொல்லாதே," என்றாள். அதில் வேண்டுதலும் இருந்தது, மிரட்டலும் இருந்தது. மாலைகளைப் போட்டிருந்த காரைப் பார்த்து நடந்தாள். பின்கதவைத் திறந்து குனிந்தாள். நிமிர்ந்தபோது கையை முந்தானைக்குள் வைத்திருந்தாள். நேரே ஓய்வறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். பிறகு மேனேஜரை உள்ளே கூப்பிட்டார்கள்.

அவர் வெளியே வந்து எல்லோரும் கேட்கும்படி சொன்னார்: "கிடைச்சிருச்சு. கார்பெட்டுலதான் கிடந்துச்சாம். பயந்துபோய் அக்காகிட்ட ஒப்படைச்சுட்டான். அம்மா பெரிய மனசு பண்ணி கேஸ் வேணாங்கிறாங்க."

கார் கிளம்பியது. நடிகை பின்சீட்டில் வலது பக்கம் காட்டி உட்கார்ந்திருந்தார்.

ராவுத்தர் வாய் திறப்பார் என்று எதிர்பார்த்தேன். இரண்டு முறை தன் கையால் தடவியவர் அவர். அதில் ஜிமிக்கி இல்லை என்று அவரைவிட யாருக்குத் தெரியும்? அவர், "கிடைச்சுதில்லே, நல்லது" என்று மட்டும் சொல்லி விரிப்பைத் தூக்கச் சொன்னார்.

படகில் மழைக்கு உருளையின் மேல் தார்ப்பாயைப் போர்த்தி, அதன் ஓரத்தில் மூன்று பேரும் ஒண்டிக்கொண்டோம். சேட்டன் எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். பாதி காயல் தாண்டியதும் ராவுத்தர்தான் பேசினார்.

"விரிப்புல இல்லை. அது எனக்கு அறியும்."

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. "அப்ப நீங்க ஏன் சொல்லல முதலாளி?"

"சொன்னா, பின்னே எங்கே கிடந்துச்சுன்னு கேப்பான். நீ சொல்லுவியா?"

நான் தார்ப்பாயின் ஓரத்தை இழுத்துப் பிடித்தேன்.

"அதான்," என்றார். சுண்ணாம்பு டப்பாவைத் திறந்தார். வெற்றிலையைத் தடவி மடித்து வாயில் போட்டுக்கொண்டு, "டப்பாவிலேருந்து எடுத்தது இனி உன் கிட்டயே இருக்கட்டும். ஆனா கையில தேய்க்காதே. கடுதாசில தேய்ச்சுப் பாரு," என்றார்.

அன்றைக்கும் கடையில் இறங்கியதும் கையை நீட்டச் சொன்னார். அதற்கப்புறம் எட்டு வருடம், ஒரு நாள் விடாமல் நீட்டச் சொன்னார். அவர் என்னை நம்பினாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அந்தப் படகில் நம்பினார் என்றுதான் நினைக்கிறேன்.

மற்றவர்களுக்கு மேனேஜர் சொன்னதே கதை. நான் வீட்டுக்குப் போவதற்குள் அது போர்ட் கொச்சிவரை போய்விட்டது. செல்வி சட்டையை முகர்ந்து பார்க்கவில்லை. சோற்றை வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்து மெல்லக் கேட்டாள்: "நிஜமா எடுக்கலைல்ல?"

"எடுக்கல."

"பின்ன எப்படி உன் கைக்கு வந்துச்சு?"

என் கைக்கு வரவே இல்லை என்று சொன்னேன். எங்கே இருந்தது என்று கேட்டாள். சொல்லவில்லை. அவள் தலையை ஆட்டிக்கொண்டு எழுந்து போனாள். சேட்டன் மறுபடி பேச ஒரு மாதமாயிற்று. பேசியபோதும், "போட்டே, போனது போகட்டும், எல்லாரும் மனுஷன்தானே" என்றார். மன்னித்துவிட்டாராம்.

எண்பத்தேழில், நான் வேலையை விடுவதற்குக் கொஞ்சம் முன்னால், ஆலுவாவில் ஒரு நகைக் கடைத் திறப்பு விழா. ரிப்பன் வெட்ட அதே நடிகை. இப்போது அம்மா வேடம் போடுகிறார். மாட்டல் இல்லை. கூந்தலைக் காது மூட வாரிவிட்டு, அதற்கேற்றாற்போல் சின்னத் தோடு. பூச்சு குறைவு, உதட்டில் வெறும் பழுப்பு. அந்த வயதுக்கு அவ்வளவு பொருத்தமான ஒப்பனையை நான் பார்த்ததில்லை. நான் வழக்கம்போல இடது ஓரத்தில் குந்தியிருந்தேன்.

என் எதிரே வந்ததும் அவர் நடை ஒரு கணம் தயங்கியது. அடையாளம் தெரிந்ததா, மணிக்கட்டு ஞாபகம் வந்ததா, எனக்குத் தெரியாது. முடி கலைந்ததைச் சரி செய்வதுபோல் கையைத் தூக்கி, காதைப் பொத்திக்கொண்டு என்னைத் தாண்டிப் போனார். ஊரே எதிர்ப்பக்கம் நின்று படம் எடுத்துக்கொண்டிருக்க, அவர் பயந்தது என் ஒருவனுக்கு. நான் யாரிடமும் சொல்லவில்லை அம்மா என்று வாய்வரை வந்தது.  குனிந்து விரிப்பை அழுத்திப் பிடித்துக்கொண்டேன். அவர் திரும்பி வரும்போதும் தலையைத் தூக்கவில்லை. என் வேலைக் காலத்தில் நான் இரண்டாம் முறை பார்க்காமல் விட்ட ஒரே முகம் அது.

இதைப் படித்துவிட்டு, பழைய படங்களைப் புரட்டி அவர் யார் என்று தேடப் பார்ப்பீர்கள். வேண்டாம். புடவையின் நிறத்தை மாற்றித்தான் எழுதியிருக்கிறேன். கல்லின் நிறத்தையும்தான். நான் குந்தியிருந்தது இடது ஓரமும் அல்ல.